கம்பளிப்பூச்சியும் என் ஐஸ் ரூமும்

வண்டூர், போர்ட் பிளேர்,
4-2-2025, செவ்வாய்.

மாப்பிள்ளை ஸ்ரீதர் அவர்களுக்கு ஜம்புலிங்கம் எழுதிக்கொள்வது.

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. தங்கை புருஷனுக்கு எழுதும் கடிதத்தில் அந்த ஒரு வரியாவது இருக்க வேண்டும் என்று சரசு பக்கத்தில் நின்று சொல்கிறாள். ஆகவே கேட்கிறேன், நலமா? இங்கே நானும் சரசுவும் நலம். உங்கள் மகள் கார்த்திகாவைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போன் செய்து ஆறு நிமிஷம் பேசினீர்கள். குழந்தை எப்படி இருக்கிறாள் என்று கேட்டதற்கு, எல்லாம் சௌக்கியம், லேசாக இருமல் என்றேன். பொய் சொன்னேன். அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அதனால் சொன்னேன். அதே பேச்சில் நீங்கள், பதினைந்தாம் தேதிக்குள் கையெழுத்துப் போட்டால் இன்னொரு குளிர்காலமும் அந்தத் துருவ ஆராய்ச்சி நிலையத்திலேயே தங்கலாம், அநேகமாகப் போட்டுவிடுவேன் என்றீர்கள். உங்கள் இஷ்டம் என்றேன். அதுவும் பொய்தான். என் இஷ்டம் வேறு. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். தபாலில் போட்டால் நீங்கள் கையெழுத்துப் போட்டு மை காய்ந்த பிறகுதான் வந்து சேரும். சரசு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். போனிலேயே பேசலாமே என்று கேட்பீர்கள். பேசினால் என் வாயில் என்ன வரும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஏப்ரலில் கிளம்பினீர்கள். மாதம் தவறாமல், துருவக் கரடி ஸ்டாம்பு ஒட்டி, அவள் பெயருக்கு ஒரு கடிதம். பத்து வந்திருக்கிறது. நேற்று அவள் ஸ்கூலுக்குப் போன பிறகு பத்தையும் ஆபீஸ் மேஜையில் வரிசையாக வைத்து ஒரு மூச்சில் படித்தேன். அந்த ஊர் வில்லோ மரம் ஒரு விரல் உயரத்துக்கு மேல் எழும்பாதாம், காற்றுக்குப் பயந்து மண்ணோடு மண்ணாகப் படுத்துக்கொள்ளுமாம். ஊதாப்பூச் செடி ஒன்று மெத்தை மாதிரி ஒட்டி வளர்ந்து, தன் நடுவில் தானே கொஞ்சம் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். மஞ்சள் பூ ஒன்று சூரியன் போகிற பக்கமெல்லாம் முகத்தைத் திருப்புமாம். கலைமானுக்குக் கோடையில் கண் பொன் நிறம், குளிரில் நீல நிறம். சீலுக்குத் தோலுக்கு அடியில் நாலு விரல் கொழுப்பு. அந்த ஊர்க் கௌதாரிக்குப் பாதத்தில்கூட இறகு, புயல் வந்தால் பனிக்குள்ளேயே குழி பறித்து உட்கார்ந்துகொள்ளும்.

நன்றாகத்தான் எழுதுகிறீர்கள். அதை நான் மறுக்கவில்லை. பனியில் கிடக்கும் பாசிக்குப் பசிக்குமா என்றுகூட யோசித்து எழுதியிருக்கிறீர்கள். ஆனால் பத்துக் கடிதத்திலும் தேடிவிட்டேன் மாப்பிள்ளை, நளினி என்கிற பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை. "உன் அம்மா" என்றுகூட இல்லை. ஒன்பது வயசுக் குழந்தைக்கு அம்மா செத்து வருஷம் திரும்பப் போகிறது. அவளுக்கு நீங்கள் எழுதி அனுப்புவது நரிக்கு வால் எதற்கு என்பது. நரிக்குக் குளிராது என்று தெரிந்து அவள் என்ன செய்யப்போகிறாள்?

சரசு இதற்குள் இரண்டு தடவை பேனாவைப் பிடுங்கப் பார்த்துவிட்டாள். அவர் படித்தவர், அவருக்கும் துக்கம் இருக்கும், கடுமையாக எழுதாதீர்கள் என்கிறாள். இருக்கட்டும். எனக்கும் இருக்கிறது. என் துக்கத்தைத் தூக்கிக்கொண்டு நான் நார்வேக்கு வடக்கே போகவில்லை.

இப்போது உங்கள் ஒன்பதாவது கடிதத்துக்கு வருகிறேன். அதை நீங்கள் மறந்திருக்கலாம். பக்கத்துக் கிரீன்லாந்தில் ஒரு கம்பளிப்பூச்சி இருக்கிறது என்று எழுதினீர்கள். குளிர்காலம் வந்ததும் அது கல் மாதிரி உறைந்துவிடும், மூச்சு இருக்காது, நெஞ்சு துடிக்காது. "பார்த்தால் செத்துவிட்டது என்றே நினைப்பாய் கார்த்தி. ஆனால் சாகவில்லை. குளிர் வருவதற்கு முன்பே அது தன் உடம்புக்குள் சர்க்கரைப் பாகு மாதிரி ஒன்றைத் தயார் செய்து வைத்திருக்கும். வெயில் வந்ததும் உருகும். நெஞ்சு மறுபடி துடிக்கும். எழுந்து போய் இலை தின்னும்." இது உங்கள் எழுத்து. எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதியிருக்கிறேன்.

போன மார்ச்சை நினைத்துப் பாருங்கள். நளினிக்கு மூளைக்காய்ச்சல் வந்து நாலாம் நாள் போய்விட்டாள். நீங்கள் முதல் தடவையாக அந்த ஊருக்குப் போயிருந்த நேரம். உங்கள் குட்டி விமானம் மூட்டத்தில் ஒரு நாள் நின்றது, டெல்லியில் பாதி நாள், சென்னையில் போர்ட் பிளேர் விமானம் ரத்து. உடம்பை ஆஸ்பத்திரியிலேயே வைக்கலாம் என்றார்கள். ஐஸ் பேக்டரி வைத்திருக்கிறவன் தங்கை யார் வீட்டுக் குளிரிலோ கிடக்க வேண்டுமா என்று நான்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கூடத்தில் ஐஸ் பார் அடுக்கி, மேலே பாய் போட்டு, மூன்று நாள் வைத்திருந்தோம். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை கரைந்ததை எடுத்துப் புதிதாக வைத்தேன். வேறு யாரையும் தொட விடவில்லை. அத்தனை தடவையும் கார்த்திகா சுவரோரமாக நின்று பார்த்தாள். அவளை உள்ளே கூட்டிப் போ என்று யாரோ சொன்னார்கள். அம்மாவை விட்டு எங்கே போவாள் என்று நான்தான் இருக்கட்டும் என்றேன். மூன்றாம் நாள் மத்தியானம் நீங்கள் வந்தீர்கள். நான் நளினியை ஐஸிலிருந்து தூக்கிப் பாடையில் வைத்தேன். நேரே சுடுகாடு.

உங்கள் ஒன்பதாவது கடிதம் வந்தது டிசம்பர் கடைசியில். ஜனவரி முதல் வாரம் பள்ளி திறந்தது. அதிலிருந்து குழந்தை என்னிடம் ஐஸைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தாள். ஒரு பார் உறைய எத்தனை மணி நேரம், ஐஸ் ரூமில் எத்தனை டிகிரி, ஐஸ் டின்னைச் சுற்றி நிற்கும் உப்புத் தண்ணீர் ஏன் உறையவில்லை, குழாயில் ஓடும் அமோனியாவுக்குக் குளிருமா. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். எங்கள் வீட்டில் இந்தத் தொழிலைப் பற்றி ஒரு கேள்வி கேட்ட முதல் ஆள் அவள்தான். மைனஸ் நாலு டிகிரி என்று பெருமையாகச் சொன்னேன். மீட்டர் எங்கே இருக்கிறது என்றும் காட்டினேன். நீங்கள் சொல்லிக் கொடுத்தபடி நோட்டில் நேரம் போட்டு, டிகிரி போட்டு எழுதிக்கொண்டாள்.

அப்புறம் பிரிட்ஜில் முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சி ஒன்று ஐஸ் ட்ரேயில் கிடந்தது. சரசு அலறிய அலறலில் பக்கத்து வீட்டு உமா மகேஸ்வரி டீச்சர் ஓடி வந்துவிட்டாள். நான் சிரித்தேன். அப்பனைப் போலவே ஆராய்ச்சி பண்ணுகிறாள் பார் என்று எல்லாரிடமும் சொன்னேன். அந்தப் பூச்சியை இரண்டு நாள் கழித்து எடுத்து மாடிப்படியில் வெயிலில் வைத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். எறும்பு வந்து இழுத்துக்கொண்டு போனது. அன்று அவள் சாப்பிடவில்லை. ஒரு பூச்சிக்கா இத்தனை என்று நான் அதட்டினேன். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். நடந்தபடியே சொல்கிறேன், ஏனென்றால் இதில் உங்கள் பங்கு எவ்வளவோ என் பங்கும் அவ்வளவு இருக்கிறது.

மத்தியானம் சாப்பாடு முடிந்து ஆபீஸில் உட்கார்ந்திருந்தேன். இரண்டேகால் இருக்கும். கரெண்ட் போனது. வேலையாட்கள் "லைட் கயா, லைட் கயா" என்று கத்தினார்கள். எங்கள் தொழிலில் கரெண்ட் போனால் முதலில் ஜெனரேட்டரை ஓட்டப் போகக் கூடாது. முதலில் ஐஸ் ரூம் கதவைச் சாத்த வேண்டும். குளிர் வெளியே போய்விட்டால் ஜெனரேட்டர் ஓட்டியும் புண்ணியமில்லை. இருபத்திரண்டு வருஷமாக நான் ஆட்களுக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலித்த விஷயம் இது. ஓடினேன். கதவு ஒரு சாண் திறந்து கிடந்தது. எந்தக் கழுதை திறந்து போட்டது என்று திட்டிக்கொண்டே காலால் ஒரு உதை விட்டுச் சாத்தி, வெளித்தாழ்ப்பாளைப் போட்டேன். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. இருட்டில் பார்க்க அங்கே என்ன இருக்கிறது, ஐஸ்தானே என்று நினைத்தேன்.

ஜெனரேட்டர் சத்தத்தில் வேறு எதுவும் காதில் விழாது.

சரசுதான் கண்டுபிடித்தாள். தலை பின்ன உட்கார்ந்தால் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலைக் காணவில்லை. தேடிக்கொண்டு போனால் சர்க்கரை டின் பாதி காலியாகத் திறந்து கிடக்கிறது. எறும்பு மொய்க்கிறதே என்று திட்டிக்கொண்டே கார்த்திகாவின் மேஜைக்குப் போயிருக்கிறாள். நோட்டு திறந்திருந்தது. அதில் இப்படி எழுதியிருந்தது: "சனி. 2.10. சர்க்கரை எட்டு ஸ்பூன் சாப்பிட்டேன். எனக்குக் கொழுப்பு இல்லை, அதனால் எண்ணெய் தடவிக்கொண்டேன். உள்ளே போகிறேன். மைனஸ் 4." சரசு செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தாள். என்னிடம் நோட்டைக் காட்டினாள். அப்போது மணி இரண்டு ஐம்பது.

கதவைத் திறந்தேன். இரண்டு வரிசை ஐஸ் பாருக்கு நடுவில், சாக்கு மேல், முழங்காலைக் கட்டிக்கொண்டு சுருண்டு படுத்திருந்தாள். டார்ச் அடித்துப் பார்த்தேன். தலை முழுக்க வெள்ளை. கை, கழுத்து, புருவம் எல்லாம் வெள்ளை. குழந்தைக்கு முடி நரைத்துவிட்டது என்று நினைத்தேன் மாப்பிள்ளை. சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். இந்தத் தீவில் பிறந்து வளர்ந்தவன், தேங்காய் எண்ணெய் உறைந்து என் கண்ணால் பார்த்ததில்லை. மெயின்லேண்டில் மார்கழியில் உறையும் என்று அப்பா சொல்லக் கேட்டதோடு சரி. அந்த எண்ணெய்தான் என்று எனக்கு உடனே தோன்றவில்லை.

தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தேன். பல் கிட்டித்திருந்தது, ஆனால் கண் திறந்திருந்தது. சரசு தன் புடவையைச் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். நல்ல வெயில். இரண்டு நிமிஷத்தில் தலையிலிருந்த வெள்ளையெல்லாம் உருகி எண்ணெயாக அவள் முகத்தில் வழிந்தது. அவள் கையை உயர்த்தி அதைப் பார்த்தாள். வாந்தி எடுத்தாள், எல்லாம் சர்க்கரை. அப்புறம் என்னைப் பார்த்துப் பேசினாள். அதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"பாத்தீங்களா மாமா, உருகிடுச்சு. அம்மாவ நீங்க வெயில்ல வெக்கவே இல்ல. ஐஸ்லேருந்து எடுத்து நேரா கொளுத்திட்டீங்க."

டாக்டரிடம் காட்டினோம். விரல் எல்லாம் சரியாக இருக்கிறது, கரெண்ட் போனதில் உள்ளே குளிர் கொஞ்சம் குறைந்தது நல்லதாகப் போயிற்று, இருமல் நாலு நாளில் போய்விடும் என்றார். எப்படி உள்ளே போனாள் என்று கேட்டார். விளையாட்டாகப் போய்விட்டாள் என்றேன். தாழ்ப்பாள் போட்டது யார் என்று அவர் கேட்கவில்லை. நீங்களும் கேட்டிருக்க மாட்டீர்கள், அதனால் நானே எழுதுகிறேன். நான்தான் போட்டேன். நாற்பது நிமிஷத்தில் அவள் கதவைத் தட்டினாளா இல்லையா என்று இன்றுவரை அவளிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் அந்த உதைத்த கால்தான் கண்ணில் படுகிறது.

அன்று சாயங்காலம் அவளை மடியில் உட்கார வைத்துச் சொன்னேன். அது பூச்சி, மனுஷர் அப்படி இல்லை, அம்மா ஐஸில் வைக்கும் முன்பே போய்விட்டாள் என்றேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். பிறகு, மாமாவுக்கு ஐஸ் பண்ணத்தான் தெரியும், குளிரைப் பற்றி அப்பாவுக்குத்தான் தெரியும், அப்பாவுக்கு எழுதிக் கேட்கிறேன் என்று சொல்லி இறங்கிப் போய்விட்டாள். கோபமாகச் சொல்லவில்லை. அவள் கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். அதிலிருந்து நான் கூப்பிட்டால் வருகிறாள், கொடுத்தால் சாப்பிடுகிறாள். ஆனால் முன்பு ஸ்கூல் விட்டதும் நேரே பேக்டரிக்கு வந்து என் நாற்காலியில் ஏறி உட்காருவாள். நேற்று வரவில்லை.

ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல்லுங்கள். "செத்துவிட்டது என்றே நினைப்பாய், ஆனால் சாகவில்லை" என்ற வரியை யாருக்காக எழுதினீர்கள்? குழந்தைக்காகவா, உங்களுக்காகவா? சுடுகாட்டில் எல்லாரும் அழுதோம், நீங்கள் அழவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, சித்திரை பிறந்த மறுநாளே பெட்டி கட்டினீர்கள். கல்நெஞ்சன் என்று சொந்தக்காரர்கள் சொன்னபோது நானும் ஆமாம் என்றேன். இப்போது பத்துக் கடிதத்தையும் படித்த பிறகு அப்படிச் சொல்ல நாக்கு எழவில்லை. அதற்காக என் கோபம் குறைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வராமல் இருந்தால் எங்களுக்கு ஒரு விதத்தில் நல்லதுதான். எனக்கும் சரசுவுக்கும் பிள்ளை இல்லை. இன்னும் இரண்டு குளிர்காலம் நீங்கள் அங்கே கிடந்தால் கார்த்திகா எங்கள் பெண்ணாகிவிடுவாள். போன வாரம் வரை எனக்குள் அந்த ஆசை இருந்தது. அதனால்தான் நீங்கள் கையெழுத்துப் போடப்போகிறேன் என்றதும் உங்கள் இஷ்டம் என்று வாயில் வந்தது. அப்படி ஒரு ஆசையை வைத்துக்கொண்டு உங்களைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை என்று நீங்கள் கேட்கலாம். ஆனாலும் திட்டுவேன்.

ஐஸ் ரூமுக்குப் பூட்டுப் போட்டுவிட்டேன், சாவி என் அரைஞாண் கயிற்றில் இருக்கிறது. பூட்டினால் தீருகிற விஷயமா இது? அவள் நேற்று உங்களுக்கு ஒரு கடிதம் எழுதி, ஸ்டாம்பு ஒட்டித் தபாலில் போடுங்கள் என்று என் கையில் கொடுத்தாள். போடவில்லை. சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். கடிதம் என்று சொன்னேனே, அது நோட்டிலிருந்து கிழித்த ஒரு பக்கம். ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டிருக்கிறாள். அதைப் போட்டோ எடுத்தால் உங்களுக்குச் சரியாகத் தெரியாமல் போகலாம் என்று இங்கே எழுதுகிறேன்.

மேலே தலைப்பு: பெயர், ஐஸில் எவ்வளவு நேரம், வெயிலில் வைத்ததா, எழுந்ததா.

கம்பளிப்பூச்சி ஒன்று. இரண்டு நாள். வைத்தது. இல்லை.

கம்பளிப்பூச்சி இரண்டு, சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தது. ஒரு மணி நேரம். வைத்தது. கால் அசைந்தது.

கார்த்திகா. நாற்பது நிமிடம். மாமா வைத்தார். ஆம்.

அம்மா. மூன்று நாள். வைக்கவில்லை.

நாலாவது கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை. கீழே, அப்பா நீங்கள் எழுதி அனுப்புங்கள் என்று போட்டிருக்கிறாள்.

மாப்பிள்ளை, எழுதி அனுப்பாதீர்கள். உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். "இல்லை" என்று ஒரு கடிதம் கரடி ஸ்டாம்பு ஒட்டிக்கொண்டு வந்தால், அதைப் படித்துவிட்டு அந்தப் பிள்ளை யாரிடம் போய் அழும்? என்னிடம் வரமாட்டாள். அவள் அம்மாவை ஐஸிலிருந்து தூக்கியவன் நான். கதவைச் சாத்தியவனும் நான். அந்தக் கட்டத்தை நீங்கள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் பென்சிலை வாங்கி, உங்கள் கையால் நிரப்ப வேண்டும். நளினி என்று பெயரைச் சொல்லி நிரப்ப வேண்டும். அதன் பிறகு இரண்டு பேரும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அழுங்கள். பக்கத்து அறையில் நானும் சரசுவும் இருப்போம்.

உங்கள் ஊரில் சூரியன் மார்ச்சில்தான் வரும் என்று எழுதியிருந்தீர்கள். அதற்காகக் காத்திருக்க வேண்டாம். இங்கே தினமும் வருகிறது.

நீங்கள் ஏறும் விமானமெல்லாம் மூட்டமில்லாமல் பறக்கட்டும். என் தங்கை உங்களுக்குத் துணை இருப்பாள்.

இப்படிக்கு,
கார்த்திகாவின் தாய்மாமன்,
ஜம்புலிங்கம்.

பி.கு.: மரியாதை இல்லாமல் எழுதியதற்கு மன்னிப்புக் கேட்டு முடிக்கச் சொல்கிறாள் சரசு. கடிதத்தில் கேட்க மாட்டேன். ஏர்போர்ட் வாசலில், உங்கள் பெட்டியை வாங்கிக்கொண்டு கேட்கிறேன்.